வலி இடம் மாறாத பந்தயங்கள்: பிரெட் ஹார்ட்டை மறுபடி பார்த்தபோது

இயன்முறை சிகிச்சை எனக்கு இருபத்திரண்டு ஆண்டுத் தொழில். நாள்தோறும் பதினைந்து பேராவது நொண்டியபடி என் அறைக்குள் வருவார்கள். நிஜமாகவே முழங்கால் வலிப்பவர் யார், விடுப்புச் சான்றிதழுக்காக வலிப்பதாகச் சொல்பவர் யார் என்பது, அவர் கதவிலிருந்து நாற்காலிக்கு வந்து சேர்வதற்குள் தெரிந்துவிடும். பொய் வலி இடம் மாறும். பேச்சு வேறு பக்கம் போனதும் கால் மறந்துவிடும். நிஜ வலிக்கு மறதி கிடையாது.

இந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் கடந்த இரண்டு மாதங்களாக, பிள்ளைகள் தூங்கிய பிறகு, பிரெட் ஹார்ட்டின் பழைய மல்யுத்தப் பந்தயங்களைப் பார்த்துவந்தேன். 1991 முதல் 1997 வரை, அன்று டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்று இருந்த (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) நிறுவனத்தில் அவர் மோதியவை. ஈரோட்டில் எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்த புதிதில் அண்ணனும் நானும் பாயில் உட்கார்ந்து பார்த்த அதே பந்தயங்களில் சில இவற்றில் உண்டு. அன்று எங்களிடம் மல்யுத்த வீரர்களின் சீட்டுக்கட்டு ஒன்று இருந்தது. உயரம், எடை, மார்பளவு என்று எண்களைச் சொல்லி ஒருவர் சீட்டை மற்றவர் பறிக்கும் விளையாட்டு. அண்ணன் அண்டர்டேக்கரையும் யோகோசுனாவையும் விட்டுத்தரவே மாட்டார். ஆறடி உயரமும் நூற்றாறு கிலோவும் உள்ள பிரெட், சீட்டில் எடுபடாதவர். அந்தச் சீட்டு எப்போதும் என் பக்கமே வந்து சேரும். எனக்கு அவரைப் பிடித்தது அப்படித்தான் தொடங்கியது.

இதெல்லாம் முன்கூட்டியே பேசிவைத்த சண்டைதானே என்று கேட்பவர்களுக்கு: ஆம், யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவானது. ஆனால் விழுவது நிஜமான விழுதல். நூறு கிலோ உடம்பு முதுகு பட விழும்போது முதுகெலும்புக்கு அது கதை என்று தெரியாது. எதிராளியின் கழுத்தும் முழங்காலும் நம் கையில் இருக்கும் அந்த ஒரு விநாடியில், அவரை நாளைக்கும் வேலைக்குப் போகும்படி கீழே வைக்க வேண்டும். பார்ப்பவருக்கோ அது உயிர் போகும் வலியாகத் தெரிய வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்தவர்கள் மிகச் சிலர். கனடாவின் கல்கரி நகரில், அப்பா ஸ்டூ ஹார்ட் வீட்டின் அடித்தளத்திலேயே நடத்திய பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த பிரெட், அந்தச் சிலரில் முதல்வர் என்பது என் தீர்ப்பு. டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பில் மட்டும் ஐந்து முறை உலகச் சாம்பியன் ஆனவர். ஆனாலும் என்னைக் கேட்டால் பட்டம் அவருக்கு இரண்டாம் பட்சம்தான்.

அந்த நிறுவனம் ஆண்டுதோறும் நடத்தும் பெரிய நிகழ்ச்சிகள் சம்மர்ஸ்லாம், ரெஸில்மேனியா. முதலில் பார்க்க வேண்டியது சம்மர்ஸ்லாம் 1991. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், இன்டர்கான்டினென்டல் பட்டத்துக்காக (உலகப் பட்டத்துக்கு அடுத்த நிலைப் பட்டம்) மிஸ்டர் பெர்ஃபெக்ட் என்ற கர்ட் ஹென்னிக்கோடு மோதியது. சிறுவயதில் பார்த்தபோது எனக்குத் தெரியாத ஒன்று இப்போது தெரியும். அன்று ஹென்னிக்குக்குக் கீழ்முதுகில் கடுமையான பாதிப்பு இருந்தது. அந்த இரவுக்குப் பிறகு ஒரு வருடத்துக்கும் மேலாக அவர் மோதவில்லை. அப்படிப்பட்ட முதுகோடு பதினெட்டு நிமிடம் மேடையில் நின்றிருக்கிறார்.

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தபோது என்னால் சாய்ந்து உட்கார முடியவில்லை. பிரெட்டின் முடிப்புப் பிடி ஷார்ப்ஷூட்டர். ஜப்பானின் ரிக்கி சோஷு பிரபலப்படுத்திய பிடி அது. மல்லாந்து கிடப்பவரின் கால்களுக்கு நடுவே தன் காலை வைத்து, அவர் கால்கள் இரண்டையும் அதன்மேல் பின்னிப் பிடித்து, அப்படியே குப்புறப் புரட்டி, பின்பக்கமாக உட்கார வேண்டும். முழுதாக உட்கார்ந்தால் கீழ்முதுகு வில்லாக வளையும். முதுகெலும்பில் தட்டு (டிஸ்க்) பிதுங்கிய ஒருவருக்கு இதைவிடக் கெட்ட நிலை வேறில்லை. என் நோயாளி யாராவது அப்படி வளைந்தால் நான் அலறிவிடுவேன். பிரெட் என்ன செய்கிறார் பாருங்கள். பெர்ஃபெக்ட் அவருடைய கால்களைப் பிடித்து இழுத்து அடிவயிற்றில் காலால் இடிக்கிறார். இரண்டாம் முறை இடிக்க வரும்போது, கிடந்த நிலையிலேயே பிரெட் அந்தக் காலைப் பற்றிக்கொள்கிறார். அங்கிருந்தே பின்னல், எழுதல், புரட்டல். புரட்டியதும் பெர்ஃபெக்ட் தோல்வியை ஒப்புக்கொண்டுவிடுகிறார். அரங்கம் அதிர்கிறது. அந்தப் பிடி நீடித்தது மிகச் சில நொடிகள்தான். கூட்டத்துக்கு அது வெற்றியின் வேகம். எனக்கு அதில் ஒரு சகத் தொழிலாளியின் முதுகைக் காப்பாற்றிய கை தெரிகிறது.

பிறகு கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அப்பா ஸ்டூவிடமும் அம்மா ஹெலனிடமும் பட்டத்தோடு போகிறார். அந்த இடத்தை இரண்டு முறை பார்த்தேன்.

வர்ணனையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கால வர்ணனையாளர் கொரில்லா மான்சூன், தலையின் பின்பக்கம் அடிபட்டால் 'பின்தலையில்' என்று சொல்லமாட்டார். 'எக்ஸ்டெர்னல் ஆக்ஸிபிடல் புரோட்டியூபரன்ஸ்' என்பார். மந்திரம் போல அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், பொருள் தெரியாமலே. கல்லூரியில் முதலாண்டு உடற்கூறியல் வகுப்பில் ஆசிரியை மண்டையோட்டைத் திருப்பி, பின்னால் இருக்கும் மேட்டைக் காட்டி அதே பெயரைச் சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்போது அந்தக் குரலை மறுபடி கேட்பதற்காகவே சந்தா கட்டலாம்.

அடுத்தது ரெஸில்மேனியா 10. 1994 மார்ச் 20, அதே மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஒரே இரவில் பிரெட்டுக்கு இரண்டு பந்தயங்கள். மாலையின் முதல் பந்தயம் தம்பி ஓவன் ஹார்ட்டோடு; கடைசிப் பந்தயம் சாம்பியன் யோகோசுனாவோடு. இந்த இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் பார்க்கச் சொல்வேன். நடுவில் உள்ள மற்றவற்றைத் தள்ளிவிடலாம்.

கதைப்படி அந்த ஜனவரியிலேயே பிரெட்டின் முழங்காலில் அடி. அண்ணனின் நிழலில் நின்று அலுத்துப்போன தம்பி, அடிபட்ட அந்தக் காலையே உதைத்துப் பகையாகிறான். மார்ச்சில் மோதும்போது, முதலில் இருவரும் சமமாகவே போகிறார்கள். பிரெட்டின் கால் நன்றாக இருக்கிறது என்று நாமும் நம்பிவிடுகிறோம். பிறகு கயிற்றைத் தாண்டி வெளியே பாய்கிறார். இறங்கும்போது முழங்கால் பிசகிவிடுகிறது. ஓவன் அந்தக் காலை விடுவதில்லை. உதைக்கிறார், முறுக்குகிறார், தூணோடு மோதுகிறார். இதற்குப் பிறகு பிரெட் செய்யும் ஒவ்வொன்றிலும் அந்தக் கால் இருக்கிறது. அவர் கை ஓங்கும்போதும் கால் குணமாகிவிடுவதில்லை. வலிக்கும் காலில் உடல் எடை நிற்கும் நேரம் குறையும். நல்ல கால் அவசரமாக முன்னே வந்து விழும். நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நடை அது. அந்த நடைதான் திரையில் தெரிந்தது.

இருபது நிமிடம் கழித்து ஓவன் ஜெயிக்கிறார். பிரெட் அவர் தோளில் ஏறிச் சுருட்டப் பார்க்க, ஓவன் அப்படியே உட்கார்ந்து அவர் தோள்களைத் தரையோடு அழுத்தி, நடுவரை மூன்று எண்ண வைத்துவிடுகிறார். தம்பி ஜெயித்ததில் அநியாயம் ஏதும் இல்லை என்பதுதான் அந்த முடிவின் அழகு.

பிறகு ஏறத்தாழ இரவு முழுக்க வேறு பந்தயங்கள். கடைசியில் பிரெட் மறுபடி வருகிறார், நொண்டிக்கொண்டே. சில மணி நேரம் போய்விட்டது, வேறு எதிராளி, வேறு கதை. இன்னொருவராக இருந்தால் நிமிர்ந்து நடந்து வந்திருப்பார். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 250 கிலோவுக்கும் மேல் என்று அறிவிக்கப்பட்ட யோகோசுனா மூலைக்கயிற்றில் ஏறி அவர்மேல் உட்கார முயன்று, நிலை தவறிப் பின்பக்கமாக விழ, பிரெட் புரண்டு மேலே படுத்துப் பட்டத்தை வென்றுவிடுகிறார். சண்டையாகப் பார்த்தால் இது சுமாரானது, பத்து நிமிடம்தான். அதைத் தாங்கி நிறுத்துவது முதல் பந்தயத்திலிருந்து கொண்டுவந்த அந்தக் கால். சக வீரர்கள் பிரெட்டைத் தோளில் தூக்குகிறார்கள். தூரத்தில் நடைபாதையில் ஓவன் நின்று பார்க்கிறார். 1999 மே 23 அன்று கான்சஸ் சிட்டி அரங்கில் உயரத்திலிருந்து இறங்கும்போது விழுந்து ஓவன் இறந்தார். அதைத் தெரிந்த யாராலும் இந்தக் காட்சியைப் பழைய மாதிரி பார்க்க முடியாது. எனக்கு அந்தப் பகைப் பார்வை பகையாகத் தெரியவில்லை. வயதில் சிறியவனின் ஏக்கமாகத்தான் தெரிந்தது.

லண்டன் வெம்ப்ளியில் 1992 சம்மர்ஸ்லாம் பந்தயத்துக்கு எண்பதாயிரம் பேர் வந்ததாக அறிவித்தார்கள். தங்கை கணவர் டேவி பாய் ஸ்மித்திடம் பிரெட் தோற்பது. டேவி பாய்க்கு அன்று எதுவும் நினைவில் நிற்கவில்லை, ஒவ்வொரு அடியையும் தானே காதில் சொல்லி நடத்திச் சென்றதாகப் பிரெட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். தோற்பவர் ஜெயிப்பவரைச் சுமந்துபோகும் பந்தயம் என்று நினைத்துப் பாருங்கள், இன்னும் நன்றாக இருக்கும்.

ஷான் மைக்கேல்ஸோடு 1996இல் ஒரு மணி நேரம் மோதியதைப் பலர் உச்சத்தில் வைக்கிறார்கள். என்னால் முடியவில்லை. அறுபது நிமிடத்தில் ஒருவரும் ஒரு புள்ளிகூட எடுக்காத பந்தயத்தின் முதல் பாதி, உழைப்பு தெரிகிறதே தவிரப் பதற்றம் இல்லை. கடைசி இருபது நிமிடத்தை மட்டும் பார்த்தாலும் போதும்.

ரெஸில்மேனியா 13 அப்படியல்ல. 1997 மார்ச் 23, சிகாகோவை அடுத்த ரோஸ்மான்ட்டில், ஸ்டீவ் ஆஸ்டினோடு. ஒருவர் தோல்வியை ஒப்புக்கொள்ளும்வரை பந்தயம். நடுவர் கென் ஷாம்ராக். தொடக்கமே கூட்டத்துக்குள் புகுந்த சண்டை. அது தணிந்து மேடைக்கு வந்ததும் பிரெட் ஆஸ்டினின் காலைத் தேடிப் போகிறார். இரும்புத்தூணைச் சுற்றிக் காலைப் பின்னித் தொங்குகிறார், நாற்காலியால் அடிக்கிறார். மூன்றாண்டுகளுக்கு முன் தம்பி தனக்குச் செய்ததை இவர் இன்னொருவருக்குச் செய்கிறார். அண்ணனும் நானும் அன்று நம்பிய நல்லவர், கண்ணெதிரே கெட்டவராகிறார். ஷார்ப்ஷூட்டரில் சிக்கிய ஆஸ்டினின் நெற்றியிலிருந்து வழியும் ரத்தம் பற்களுக்கிடையே இறங்குகிறது. இரண்டு கைகளையும் ஊன்றி உடலை மேலே தள்ளுகிறார், ஒருமுறை பிடி தளர்கிறது, மறுபடி இறுகுகிறது. கடைசிவரை 'விட்டுவிடு' என்று சொல்லாமலே மயங்கிவிடுகிறார். தோற்றவரைக் கூட்டம் வாழ்த்துகிறது, வென்றவரைத் திட்டுகிறது. என் பிள்ளைகளுக்கு இதை இப்போது காட்டமாட்டேன். ஆனால் பிரெட்டின் பந்தயங்களில் ஒன்றை மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் ரெஸில்மேனியா 10ஐத்தான் வைத்துக்கொள்வேன், இரண்டாவதாக இது.

அந்த நவம்பரில் மாண்ட்ரியலில் பிரெட்டுக்குச் சொல்லாமலே மணியடித்துப் பட்டத்தைப் பறித்த பந்தயத்தைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. ஒருமுறை பார்த்தேன், போதும்.

பார்க்கும் வசதியைப் பற்றி. நான் சந்தா கட்டியிருக்கும் செயலியில் வீரர் பெயரைப் போட்டுத் தேடினால் அவருடைய பந்தயங்கள் வரிசையாக வருவதில்லை. நிகழ்ச்சியின் பெயரையும் ஆண்டையும் தெரிந்து தேட வேண்டும்; மூன்று மணி நேர நிகழ்ச்சிக்குள் உங்களுக்கு வேண்டியது எங்கே என்று நகர்த்திப் பார்க்க வேண்டும். வர்ணனைக்கு எழுத்து வடிவமும் இல்லை. காதில் சரியாக விழாத என் மாமனார் பாதியில் எழுந்துவிட்டார். படம் பழைய தொலைக்காட்சியின் சதுர அளவிலேயே, இரு பக்கமும் கறுப்புப் பட்டையோடு வருகிறது, அது நல்லதே. இழுத்து அகலமாக்கியிருந்தால் ஆட்களின் உடல் கெட்டிருக்கும். ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பார்ப்பது என் பழக்கம். இரைச்சல் இல்லாதபோது கைகள் தெரியும்: பிரெட் எதிராளியைத் தூக்குமுன் எங்கே பிடிக்கிறார், கீழே வைக்கும்போது தலையை எப்படித் தாங்குகிறார் என்று.

எதிராளி யாரையும் கடுமையாகக் காயப்படுத்தியதில்லை என்பது அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வது. அவரையோ, 1999 டிசம்பரில் வேறு நிறுவனத்தில் மோதும்போது தலையில் விழுந்த ஓர் உதை வீழ்த்தியது. மூளை அதிர்ச்சி, அடுத்த ஆண்டே ஓய்வு. 2002இல் கல்கரியில் மிதிவண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு, பக்கவாதத்தில் இடப்பக்கம் செயலிழந்தது. என் வாரத்தில் பாதி நாள் பக்கவாத நோயாளிகளோடுதான் போகிறது. ஒரு விரலை மடக்க ஒரு மாதம் ஆகும் என்பதும், அந்த ஒரு மாதத்தில் எத்தனை பேர் கைவிட்டுவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அவர் எழுந்து நடந்தார். 2010 ஜனவரி 4 அன்று மாண்ட்ரியலில் பட்டத்தைப் பறித்த அதே நிறுவனத்தின் மேடையில் ஏறி, அன்று எதிரே மோதிய ஷான் மைக்கேல்ஸுக்குக் கை கொடுத்தார்.

சென்ற வாரம் அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னேன், ரெஸில்மேனியா 10ஐ மறுபடி பாருங்கள் என்று. "யோகோசுனா தோற்றதை ஏன் மறுபடி பார்க்க வேண்டும்?" என்றார். பிரெட் எந்தக் காலை ஊன்றுகிறார் என்று மட்டும் கவனியுங்கள் அண்ணா என்றேன். இரவு பதினொன்றரை மணிக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. "இரண்டாவது பந்தயத்திலும் அதே கால்தான்" என்றார்.