பழைய இன்ஜினைப் பிரித்துப் பார்க்காமல் வேறு இன்ஜின் போடச் சம்மதிக்காதீர்கள்

உங்கள் கார் இப்போது ஏதோ ஒரு பட்டறையில் நிற்கிறது, "இன்ஜின் போயிடுச்சு சார், வேற இன்ஜின்தான் போடணும், நாளைக்குள்ள சொல்லுங்க" என்று அவசரப்படுத்துகிறார்கள் என்றால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதை முழுதாகப் படித்துவிடுங்கள். ஐந்து மாதத்துக்குள் ஒரே காரில் இரண்டு இன்ஜின் போனது எனக்கு. முதலாவது எதனால் போனது என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்த இன்ஜினே இப்போது இல்லை. இரண்டாவது எதனால் போனது என்பதற்கு என்னிடம் போட்டோ இருக்கிறது.

கார் பதினோரு வருடம் பழையது. வி6 டீசல் (வி வடிவில் ஆறு சிலிண்டர்), 1,60,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அப்பாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி, அந்தக் காரின் சீட் உயரம்தான் அவருக்குச் சரியாக இருக்கும், வேறு எந்தக் காரில் ஏறி இறங்கினாலும் முகம் சுருங்கிவிடும். விற்றுவிடலாம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் அந்த ஒரு காரணத்துக்காகவே தள்ளிப் போட்டோம்.

ஒரு நாள் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது ஆயில் பிரஷர் சிவப்பு விளக்கு எரிந்தது. ஓரம் கட்டுவதற்குள் கீழேயிருந்து கடகடவென்று ஒரு சத்தம், உடனே அணைத்துவிட்டேன், திரும்ப ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை. சொகுசு கார்கள் மட்டும் பார்க்கிற பட்டறை என்று தெரிந்தவர் ஒருவர் சொன்ன இடத்துக்கு டோ செய்து அனுப்பினேன். மறுநாள் மதியம் போன் வந்தது. "சீஸ் ஆயிடுச்சு சார். உள்ள எல்லாம் போச்சு." சீஸ் என்றால் இன்ஜின் உள்ளே இறுகித் திரும்பாமல் நின்றுவிட்டது என்று அர்த்தம். பிரித்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "பிரிச்சுப் பார்க்கிறதே வீண் செலவு சார், அந்தக் காசை இன்ஜின்ல போடுங்க" என்றார். அந்த வார்த்தை எனக்கு அப்போது நியாயமாகப் பட்டது. என் பணத்தைக் காப்பாற்றுகிற மனிதர் பேசுவது போல இருந்தது.

இப்போது தெரிகிறது, சீஸ் ஆகிவிட்டதா இல்லையா என்று சொல்வதற்குக்கூட அவர்கள் எதுவும் செய்யவில்லை. பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டான கிராங்க்கின் நுனியில் இருக்கும் போல்ட்டில் நீளமான கம்பி மாட்டிக் கையால் திருப்பிப் பார்க்க வேண்டும். திரும்பவில்லை என்றால் பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் திருப்ப வேண்டும், ஏனென்றால் ஏசி கம்ப்ரஸரோ ஆல்டர்னேட்டரோ இறுகிக்கொண்டாலும் இன்ஜின் இறுகியது போலவே தெரியும். அப்போதும் திரும்பவில்லை என்றால் இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு ஒரு தடவை, சிலிண்டருக்குள் தண்ணீரோ டீசலோ தேங்கி நின்றாலும் பிஸ்டன் மேலே வர முடியாது. அப்புறம் இன்ஜினுக்குக் கீழே ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பை இறக்கினால் அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியும், ஆயில் ஃபில்டரை வெட்டி அந்த மடிப்புக் காகிதத்தை விரித்தால் மின்னுகிற துகள் இருக்கிறதா என்று தெரியும். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, ஒட்டாமல் வெள்ளையாகவோ செம்பு நிறத்திலோ இருந்தால் பெரும்பாலும் பேரிங், அதாவது சுழலும் கிராங்க்கைத் தாங்குகிற மெல்லிய உலோக ஓடு. இதற்கெல்லாம் இன்ஜினைக் காரிலிருந்து இறக்க வேண்டிய அவசியமே பல கார்களில் இல்லை. பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு ஒன்றின் பேரிங் மட்டும் போயிருந்தால், கிராங்க்கை அளந்து பார்த்து, தேய்மானத்தைப் பொறுத்து 0.25 மில்லிமீட்டர் கடைந்து, அதற்கேற்ற தடிமன் கூடிய பேரிங் கிடைத்தால் போட்டு அதே இன்ஜினைக் காப்பாற்றவும் வாய்ப்பு உண்டு. என் இன்ஜினுக்கு அந்த வாய்ப்பு இருந்ததா? அந்தக் கேள்வியைக் கேட்கும் நிலையில்கூட நான் இல்லை.

சரி, இன்ஜின். 70,000 கிலோமீட்டர் மட்டும் ஓடிய இன்ஜின், விபத்தான காரிலிருந்து எடுத்தது, ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றார்கள். எஸ்டிமேட் தொகை, ஓடும் நிலையில் அந்தக் காரை விற்றிருந்தால் கிடைத்திருக்கும் தொகையில் பாதிக்கு மேல். பழைய இன்ஜினை அவர்களுக்கே விட்டுவிட்டால் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறோம் என்றார்கள், அதற்கும் சரி என்றேன். இந்த முழுக் கதையிலும் நான் செய்த பெரிய தவறு அதுதான் என்று நினைக்கிறேன். பழைய இன்ஜின்தான் சாட்சி, அதைத் தள்ளுபடிக்காகக் கொடுத்துவிட்டேன்.

70,000 என்பது வாய்ச்சொல் மட்டுமே. இன்ஜினுக்கு மீட்டர் கிடையாது. கிலோமீட்டர் கணக்கு காரின் மீட்டரிலும் கணினிப் பெட்டிகளிலும் இருக்கும், தனியாகக் கழற்றி வைத்த இன்ஜின் பிளாக்கில் அது எழுதியிருக்காது. அது எந்தக் காரிலிருந்து வந்தது, அந்தக் காரின் சேசிஸ் எண் என்ன, மீட்டர் போட்டோ எங்கே, கழற்றுவதற்கு முன் ஓடவிட்ட வீடியோ இருக்கிறதா, பிளாக்கில் அடித்திருக்கும் இன்ஜின் எண் என்ன என்று நான் எதையும் கேட்கவில்லை. எண்ணைத் தேய்த்து அழித்த இன்ஜின் என்றால் தொடவே தொடாதீர்கள், நாளைக்கு அது திருட்டு காருடையது என்று வந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். எண் சரியாகவே இருந்தாலும் காரின் பதிவுச் சான்றில் இன்ஜின் எண் இருந்தால் அதை மாற்ற வேண்டும், இன்சூரன்ஸிலும் மாற்ற வேண்டும். இதை அவர்கள் என்னிடம் சொல்லவே இல்லை.

இன்னொன்றும் நான் யோசிக்காமல் விட்டது. ஒவ்வொரு இன்ஜின் வகைக்கும் ஒரு பிறவி பலவீனம் இருக்கும். பிஎம்டபிள்யூவின் என்47 டீசலில், வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்க வைக்கும் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் பின்னால் இருக்கும், அதில் செயின் தேய்வது பலருக்கும் தெரிந்த விஷயம், மாற்ற வேண்டும் என்றால் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ கழற்றியாக வேண்டும். மெர்சிடிஸின் எம்272 பெட்ரோல் வி6-இல் ஆரம்பகாலத் தயாரிப்புகளில் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டின் பல்சக்கரம் சீக்கிரமே தேய்ந்துவிடும். இப்படி ஒரு வியாதியால் உங்கள் இன்ஜின் போயிருந்தால், அதே வருடத்து, அதே வகைப் பழைய இன்ஜினை வாங்கிப் போடுவது அதே வியாதியை வாங்கிப் போடுவதுதான். வெளியே தரையில் கிடக்கும்போதே செயினையும் அதைத் தாங்கி நடத்தும் கைடுகளையும் பார்த்து மாற்றிவிட்டால் தப்பிக்கலாம், உள்ளே ஏற்றிவிட்டால் மறுபடியும் முழு லேபர்.

ஒரு வாரம் என்றது ஆறு வாரம் ஆனது. கார் கைக்கு வந்தபோது நன்றாகத்தான் ஓடியது. அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து ஜன்னலை இறக்கி விட்டுக்கொண்டார், எனக்கும் நிம்மதியாக இருந்தது. சரியாக 2,300 கிலோமீட்டர். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடிகள் டக் டக் என்று ஒரு சத்தம், நான்கு நாளில் அது நிற்காத சத்தமாகிவிட்டது.

பட்டறைக்குப் போனேன். முதலில் "டீசல் இன்ஜின்னா சத்தம் வரத்தான் செய்யும் சார்" என்றார்கள். அப்புறம் டர்போ போயிருக்கிறது, டர்போ உங்களுடைய பழைய டர்போ, அதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். வாரண்டி பற்றிக் கேட்டதற்கு வாரண்டி இன்ஜினுக்கு மட்டும், லேபருக்கு இல்லை, அதுவும் டர்போவால் போனதற்குச் செல்லாது என்றார்கள். பில்லில் "மூன்று மாத வாரண்டி" என்று ஒரு வரி இருக்கிறது, எதற்கு வாரண்டி என்று எழுதவில்லை. நானும் எழுதச் சொல்லிக் கேட்கவில்லை.

காரை அங்கிருந்து எடுத்துவிட்டேன். இப்போது வேலை பார்க்கிற மெக்கானிக் ஒற்றை ஆள், ஒரு உதவியாளர் மட்டும். என் முன்னாலேயே ஆயில் ஃபில்டரை வெட்டினார். காகித மடிப்பு முழுக்கப் பளபளவென்று இருந்தது. பிறகு மேலே இருந்த மேனிஃபோல்டு என்கிற காற்றுக் குழாய்த் தொகுதி எல்லாம் கழற்றி, சிலிண்டர்களை மேலே மூடும் இரண்டு ஹெட்டுக்கும் நடுவில் பள்ளத்தில் உட்கார்ந்திருந்த ஆயில் கூலரை எடுத்தார். இந்த இன்ஜினில் அது அங்கேதான் இருக்கும். அது என் பழைய இன்ஜினிலிருந்து அப்படியே கழற்றி மாட்டிய கூலர், அதில் நான் முன்பு ஒட்டுப்போட்ட இடத்தின் அடையாளம்கூட இருந்தது. அதைத் தலைகீழாகத் தட்டியதும் வெள்ளைத் துணியில் துகள் கொட்டியது. பேரிங் உடைந்த இன்ஜினின் கூலரைக் கழுவி மறுபடி போடக் கூடாது, அதன் உள்ளே இருக்கிற இடுக்குகள் எவ்வளவு கழுவினாலும் சுத்தமாகாது, புதிதுதான் போட வேண்டும் என்றார். ஃபில்டர் பிடித்துவிடாதா என்று கேட்டேன். ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போதும் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்போதும் அதிலிருக்கும் பைபாஸ் வால்வு திறந்துவிடும், வடிகட்டாத ஆயில் நேராகப் பேரிங்குக்குப் போகும், காலையில் முதலில் சத்தம் வந்ததே அதுதான் என்று விளக்கினார். டர்போவுக்கு ஆயில் போகும் குழாயும் பழையதுதான். வால்வு கவரைத் திறந்தால் செயின் கைடில் ஆழமான தடம், உள்ளே எல்லாம் பழுப்புப் படிவம். 70,000 ஓடிய இன்ஜின் இப்படி இருக்காது என்று சொல்லிவிட்டு அவர் வேறு எதுவும் சொல்லவில்லை.

முதல் பட்டறைக்கு அந்தப் போட்டோக்களை அனுப்பி, என் பழைய இன்ஜினைப் பார்க்க வேண்டும் என்றேன். "அது எப்பவோ போயிடுச்சு சார்." எங்கே போனது என்பதற்குப் பதில் இல்லை. எழுத்துமூலமாகப் புகார் கொடுத்திருக்கிறேன்.

இன்ஜின் மாற்றுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது, துரு இல்லை, சஸ்பென்ஷன் சமீபத்தில் செய்தது என்றால் நல்ல இன்ஜின் போட்டு ஐந்தாறு வருடம் ஓட்டலாம், அந்தச் செலவு நியாயமானதுதான். ஆனால் என் காரில் ஏர் சஸ்பென்ஷன் ஒரு பக்கம் இரவில் இறங்கிக்கொண்டிருந்தது, கியர்பாக்ஸில் குலுக்கல் இருந்தது. அதை எல்லாம் சேர்த்துக் கூட்டியிருந்தால் அந்த நிலையிலேயே, ஓடாத காராகவே விற்றிருப்பேன். இன்ஜின் எஸ்டிமேட்டை மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீர்கள், அடுத்த இரண்டு வருடத்தில் அந்தக் கார் கேட்கப்போகிற எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். பழைய இன்ஜின்தான் வாங்குகிறீர்கள் என்றால் ஏற்றுவதற்கு முன் லீக் டவுன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். சிலிண்டருக்குள் காற்று அடைத்துக் காது கொடுத்துக் கேட்பதுதான். ஆயில் ஊற்றும் வாயில் காற்று வந்தால் பழுது பிஸ்டன் ரிங்கில், சைலன்சர் பக்கம் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டர் தண்ணீரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்டோ ஹெட்டோ. அதை நேரில் நின்று பாருங்கள்.

இப்போது இன்ஜின் கீழே இறங்கிப் பிரிந்து கிடக்கிறது. கிராங்க்கை அளக்க அனுப்பியிருக்கிறார், அளவு வந்த பிறகுதான் கடைவதா, காரை இப்படியே விற்பதா என்று முடிவு. அதுவரை ஒரு பைசா அட்வான்ஸ் வாங்க மாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார். தினமும் சாயங்காலம் எதைக் கழற்றினாரோ அதை ஒரு போட்டோ அனுப்புகிறார். கழற்றிய பேரிங்குகளை எல்லாம் சிலிண்டர் எண் எழுதித் தனித்தனிக் கவரில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டார், அவை என் மேசை டிராயரில் இருக்கின்றன.