பதினொன்றாம் தேதியா, இரண்டாம் செவ்வாயா?

வேலூர் சத்துவாச்சாரியில் ஓர் ஆடிட்டர் ஆபீஸ். 22 கம்ப்யூட்டர்கள் என் பொறுப்பு. 2025 ஜூன் 11, புதன்கிழமை. ஜிஎஸ்டிஆர்-1 எனும் மாத விற்பனைக் கணக்கின் தாக்கலுக்குக் கடைசி நாள். மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று வரும் விண்டோஸ் திருத்தம் (அப்டேட்) முந்தின இரவுதான் வந்திருந்தது. காலையில் ஸ்விட்ச் போட்டதும் 22-ம் ஒரே நேரத்தில் அதை இழுக்க, ஜிஎஸ்டி தளம் திறக்கவே இல்லை. போதாக்குறைக்கு நாலு பேர் ‘இப்போதே ரீஸ்டார்ட்’டை அமுக்கிவிட்டார்கள். தானாக ஆகட்டும் என்று விட்டிருந்த என்மேல்தான் தப்பு.

அதன் பிறகு இரண்டு வழிகளை யோசித்தேன்.

முதலாவது டபிள்யூ.எஸ்.யூ.எஸ்., திருத்தங்களை விநியோகிக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள். நம் சர்வரே ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டு மற்றவற்றுக்குப் பரிமாறும். எதை, எந்தக் குழுவுக்கு, எப்போது என்பதெல்லாம் நாம் ஒப்புதல் கொடுத்தால்தான். ராணிப்பேட்டைப் பக்கம் நூறு மெஷின் வைத்திருக்கும் தோல் கம்பெனிக்கு இது சரி. ஆனால் வட்டு ரொம்பிக்கொண்டே போகும். அடிக்கடி சுத்தம் செய்யாவிட்டால் திணறும். 2024 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட், இதில் இனிப் புது வசதி சேர்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டது. 2025 அக்டோபரில் இதிலேயே பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டு, அவசரத் திருத்தம் வந்தது. காவலுக்கு வைத்தவனுக்கே காவல்!

இரண்டாவது, விண்டோஸ் ப்ரோவிலேயே இருக்கும் தள்ளிப்போடும் வசதி. குரூப் பாலிசி என்ற நிர்வாக அமைப்புப் பகுதியில் 30 நாள் வரை தள்ளலாம். தனி சர்வர் வேண்டாம். ஒரு மெஷின் இறக்கியதைப் பக்கத்து மெஷின்கள் பங்குபோட்டுக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. ஹோம் பதிப்பில் குரூப் பாலிசி கிடையாது. வாங்கும்போதே பார்க்க வேண்டும்.

எத்தனை நாள் தள்ளுவது? இரண்டாம் செவ்வாய் 8-க்கும் 14-க்கும் நடுவில்தான் வரும். ஏழு நாள் தள்ளினால் 15 முதல் 21. ஜிஎஸ்டிஆர்-3பி எனும் மாத வரிக் கணக்கின் கடைசி நாளான 20-ல் போய் முட்டும். 13 நாள் தள்ளினால் 21 முதல் 27. அந்த வாரம்தான் ஆபீஸில் மூச்சு விடலாம். என் மெஷினுக்கு மட்டும் தள்ளிப்போடுவது இல்லை. உடைந்தால் முதலில் என்னுடையது உடையட்டும். ஓட்டையை ஏற்கெனவே எவனாவது பயன்படுத்துகிறான் என்று தெரிந்தால் 13 நாள் கணக்கெல்லாம் செல்லாது, அன்றைக்கே போட்டாக வேண்டும். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பரவியபோது அதற்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது.

நேரம்? அதிகாலை 3 மணி என்று வைத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வாட்ச்மேனைக் கேட்டால், “நீங்கதான சார் கரண்ட் பில்லு ஏறுதுன்னீங்க, டெய்லி மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் படுக்கிறேன்” என்றார். இப்போது மதியம் ஒன்றரை. எல்லோரும் சாப்பாட்டுக்குப் போகும் நேரம்.

22-க்கு இரண்டாவதே போதும். கணக்கு எழுதும் டேலி மென்பொருளின் அப்டேட் இந்த இரண்டிலுமே வராது. அதை இன்னும் கையால்தான் போடுகிறேன்.