ஊத்தங்கரை மழையை எந்த ரேடார் பார்க்கும்?

2024 டிசம்பர் 2 காலை 8.30 மணிக்கு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. மழை. புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், வலுவிழந்து உள்ளே வந்து எங்கள் பக்கம் கொட்டித் தீர்த்தது. அன்றிலிருந்து மனதில் ஒரே கேள்வி: கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டங்களுக்கு ஏற்ற மழை ரேடார் எது?

சென்னைத் துறைமுகத்தில் இருப்பது எஸ்-பேண்ட் என்ற அலைநீள வகை ரேடார். 10 செ.மீ. அலைநீளம் என்பதால் கனமழைக்குள் புகுந்தாலும் அலை அவ்வளவாக வலுவிழக்காது. சிக்கல் தூரத்தில்தான். ஊத்தங்கரை அங்கிருந்து நேர்க்கோட்டில் சுமார் 210 கி.மீ. அரை டிகிரி சாய்வில் கிளம்பும் ரேடார் அலைக்கற்றை, பூமி வளைந்துகொண்டே போவதால், ஊத்தங்கரைக்கு மேல் ஏறத்தாழ 4 கி.மீ. உயரத்தில் கடக்கும். ஒரு டிகிரி அகலமுள்ள கற்றை அதற்குள் மூன்றரை கி.மீ.க்கும் மேல் விரிந்திருக்கும். காரைக்கால் ரேடாருக்கும் கிட்டத்தட்ட அதே தூரம்தான்.

மாந்தோப்புகளை உலுக்கும் கோடை இடிமழைக்கு இது போதும். அந்த மேகங்கள் 10 கி.மீ.க்கும் மேலே வளர்பவை. புயல் மழை வேறு வகை. அதன் துளிகளில் பெரும்பங்கு 5 கி.மீ.க்குக் கீழேதான், உறையாத உயரத்தில், ஒன்றோடொன்று சேர்ந்து பருக்கின்றன. தொலைவிலிருக்கும் ரேடார் கோட்டைவிடுவது இந்த அடுக்கைத்தான்.

எக்ஸ்-பேண்ட் ரேடார் சிறியது, விலையும் குறைவு, நுணுக்கமாகப் பார்க்கும். ஆனால் 3 செ.மீ. அலையைக் கனமழையே தின்றுவிடும். முன்னே ஒரு பெருமழை நின்றால் பின்னால் இருப்பது மங்கிவிடும். ஒரு நகரத்துக்குச் சரி, புயல் நாளில் நம்பி உட்கார முடியாது.

என் வாக்கு 5 செ.மீ. அலைநீளமுள்ள சி-பேண்டுக்கு, அதுவும் ஏற்காட்டு மலைமேல். அங்கிருந்து தருமபுரி 40 கி.மீ., ஊத்தங்கரை 65, கிருஷ்ணகிரி 80 சொச்சம். மலை உயரத்தையும் சேர்த்தால்கூட, ஊத்தங்கரைக்கு மேல் கற்றை 2 கி.மீ. அளவில் வரும். சென்னைக் கற்றையின் உயரத்தில் பாதி.

எதை வைத்தாலும் மழைமானியை ஓரங்கட்டக் கூடாது. ரேடாருக்குத் திரும்பி வரும் எதிரொலி, துளி விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. 2 மி.மீ. துளி ஒன்றில் இருக்கும் தண்ணீர் 1 மி.மீ. துளிகள் 8-க்குச் சமம். எதிரொலியோ 64-க்குச் சமம். எந்த அளவுத் துளி எத்தனை என்று தெரியாமல் மழையளவைக் கணித்தால் தப்பாகும். அந்தத் தப்பைத் திருத்த ஊத்தங்கரையிலும் அரூரிலும் அளந்த எண்கள் வேண்டும். மழைமானி இல்லாத மலைக்கிராமங்களில் முதலில் அதை வையுங்கள்.