வெளிநாட்டுக் கலைஞரைத் தங்கவைக்க நிதி: பணம் யார் கணக்கில் விழ வேண்டும்?

வெளிநாட்டுக் கலைஞர் ஒருவரை நம் ஊரில் ஒன்றிரண்டு மாதம் தங்கவைத்து வேலை செய்யவிட வேண்டும், அதற்கு யாரிடம் நிதி கேட்கலாம் என்று கீழக்கரை, மண்டபம் பக்கத்து நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ராமநாதபுரம் கடற்கரையில், உச்சிப்புளிக்குப் பக்கத்தில் எங்கள் சிறிய அறக்கட்டளை இந்த வேலையைச் செய்துவருவதால்தான் என்னிடம் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்து மூன்று வழி இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனத்திடம் அறக்கட்டளை பெயரிலேயே விண்ணப்பித்துப் பணத்தை வாங்குவது ஒன்று. கலைஞர் தன் நாட்டு நிதியைத் தானே வாங்கிக்கொண்டு வர, நாம் அழைப்புக் கடிதமும் இடமும் ஆட்களின் தொடர்பும் கொடுப்பது இன்னொன்று. மூன்றாவது, அரசுத் திட்டம், கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சி.எஸ்.ஆர். நிதி என்று உள்நாட்டுப் பணம். நாங்கள் எடுத்தது இரண்டாவது. சின்ன அமைப்பு எதுவாக இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

உள்நாட்டுப் பணத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மத்தியக் கலாச்சார அமைச்சகத்தின் உதவித் திட்டங்கள் விழா, நாடகம், கருத்தரங்கு மாதிரியான வேலைகளுக்குப் பொருந்தும். ஒருவர் வந்து தங்கி, யோசித்து, ஒன்றும் செய்து முடிக்காமலேயே திரும்பிப் போகக்கூடிய ஒரு ஏற்பாட்டை அந்தப் படிவத்துக்குள் அடைப்பது கஷ்டம். சி.எஸ்.ஆர். பக்கம் எனக்கு நேரடி அனுபவம் குறைவு. அந்தப் பணத்தை எதற்கெல்லாம் செலவிடலாம் என்று சொல்லும் 2013 கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கலை, பண்பாடு, பாரம்பரியக் கைவினை எல்லாம் இருக்கின்றன. அதனால் பனையோலைப் பின்னல் பயிற்சி என்று போனால் காது கொடுத்துக் கேட்பார்கள். நார்வேயிலிருந்து வரும் ஒலிக் கலைஞரின் சாப்பாட்டுச் செலவு என்று போனால் கேட்பார்களா என்பது சந்தேகம். அந்தப் பணத்தை வாங்கவே அறக்கட்டளைக்கு வருமான வரித்துறையின் வரிவிலக்குப் பதிவுகள் (12ஏ, 80ஜி என்பார்கள்), அதன்மேல் சி.எஸ்.ஆர். நிதி வாங்குவதற்கான சி.எஸ்.ஆர்.-1 பதிவு எல்லாம் வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். விண்ணப்பம் எழுதுவது கஷ்டம் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். நல்ல விண்ணப்பத்தை ஒரு வாரம் உட்கார்ந்தால் எழுதிவிடலாம். பணம் வந்த பிறகு அதற்கு ஆண்டுக்கணக்கில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே, அதுதான் முதல் இரண்டு வழிகளுக்கும் உள்ள வித்தியாசம்.

அறக்கட்டளை பெயரில் வெளிநாட்டுப் பணம் வாங்கினால் எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறோம். பதிவு கேட்க அமைப்புக்குக் குறைந்தது மூன்று வயது ஆகியிருக்க வேண்டும். கடந்த மூன்று நிதியாண்டில் தன் முக்கியப் பணிகளுக்கு 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். நம் கடற்கரையில் இரண்டு அறை, ஒரு முற்றம் வைத்து நடத்துகிற அமைப்புகளில் எத்தனை பேரால் இதைக் காட்ட முடியும்? முடியாதவர்களுக்கு முன் அனுமதி என்று ஒரு வழி இருக்கிறது. குறிப்பிட்ட நன்கொடையாளர், குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட வேலை என்று உறுதிக் கடிதத்தோடு உள்துறை அமைச்சகத்திடம் கேட்க வேண்டும். அது வருவதற்குள் கலைஞர் வரவேண்டிய மாதம் போய்விடலாம்.

பதிவு கிடைத்தாலும் அதோடு முடியவில்லை. 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பணம் முதலில் வந்து இறங்க வேண்டிய இடம் டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கு மட்டும்தான். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆண்டுதோறும் எஃப்.சி.-4 என்கிற வரவு செலவு அறிக்கை, ஒரு ரூபாய்கூட வராத ஆண்டிலும் ‘இல்லை’ என்று தாக்கல் செய்தே ஆக வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வாங்கிய பணத்தில் ஒரு பகுதியைப் பக்கத்து ஊர் பனையோலைப் பெண்கள் குழுவுக்கு நிதியாக மாற்றிக் கொடுக்கவும் முடியாது, செய்த வேலைக்குக் கூலியாகத்தான் கொடுக்கலாம். ஒரே ஒரு கலைஞர் ஒரே ஒரு முறை வந்துபோனதற்கு இத்தனையையும் வருடாவருடம் சுமக்க வேண்டும். ஆடிட்டர் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்தால், வந்த நிதியில் கணிசமான பங்கு அந்த நிதிக்குக் கணக்குக் காட்டவே போய்விடும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: டாலரிலோ யூரோவிலோ வந்தால்தான் வெளிநாட்டுப் பணம் என்று இல்லை. வெளிநாட்டு நிறுவனத்தின் டெல்லி அலுவலகம் இந்திய வங்கிக் கணக்கிலிருந்து ரூபாயில் அனுப்பினாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்புதான். நம் வீட்டில் தங்கியிருக்கும் கலைஞர் கிளம்பும்போது அன்பாக உண்டியலில் ஐயாயிரம் போட்டாலும் அப்படித்தான். அதனால் எங்கள் திண்ணையில் உண்டியல் கிடையாது.

இரண்டாவது வழியில் இந்தப் பாரம் நம் தலையில் ஏறுவதில்லை. சுவிட்சர்லாந்தின் கலை மன்றமான புரோ ஹெல்வெட்டியாவுக்கு டெல்லியில் அலுவலகம் இருக்கிறது. தங்கள் நாட்டுக் கலைஞர்கள் இந்தியா வந்து தங்கவும் ஆய்வுப் பயணம் செய்யவும் உதவுகிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 2023-ல் வில்லா ஸ்வாகதம் என்று ஆரம்பித்திருக்கிறார்கள், கலைஞர்கள் தங்கி வேலை செய்ய இங்குள்ள பல இடங்களைச் சேர்த்த ஒரு வலைப்பின்னல். ஜெர்மானியரின் கோத்தே நிறுவனம் பெங்களூரில் கலைஞர்களை உள்ளூர் அமைப்புகளோடு சேர்த்துவைத்து நடத்துகிறது. இவை தவிர, பல நாடுகளின் கலை மன்றங்கள் தங்கள் கலைஞருக்குப் பயண நிதியை நேரடியாகவே கொடுக்கின்றன. விமானச் செலவு, படி, பொருள் செலவு எல்லாம் அவர் கணக்கில், அவர் நாட்டில். கணக்குக் காட்டுவதும் அவர் பொறுப்பு. அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் நாம் பில் போட்டு வாங்குகிறோம். வழக்கமான சேவைக்குக் கட்டணம் வாங்குவது நன்கொடை ஆகாது. பில்லில் ‘அறை, உணவு, இத்தனை நாள்’ என்று தெளிவாக எழுதுங்கள், ‘ஆதரவு’ ‘பங்களிப்பு’ மாதிரி வார்த்தைகள் வேண்டாம். ஆனால் ஒன்று, பொதுநல அறக்கட்டளைக்குக் கட்டண வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டினால் வருமான வரியில் சிக்கல் வரலாம். எங்களுக்கு வீட்டு உரிமையாளரே தன் பெயரில் பில் போட்டுவிடுகிறார். உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வழியில் நம் உழைப்பெல்லாம் அழைப்புக் கடிதத்தில்தான். கலைஞரின் விண்ணப்பத்தோடு அதுவும் போகிறது, தேர்வுக்குழு அதை வைத்துத்தான் நம்மை எடைபோடுகிறது. ‘அழகிய கடற்கரை, வளமான பண்பாடு’ என்று எழுதினால் வேலைக்கு ஆகாது, கடற்கரை எல்லா நாட்டிலும் இருக்கிறது. நாங்கள் மாதவாரியாக எழுதுகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை; விசைப்படகுகள் எல்லாம் கரையேறிப் பலகை மாற்றி, வண்ணம் பூசிக்கொண்டிருக்கும், மரவேலை பார்க்கிறவருக்கோ வண்ணத்தில் வேலை செய்கிறவருக்கோ இதைவிட நல்ல காலம் கிடையாது. நாட்டுப்படகுக்குத் தடை இல்லை, அதனால் கடலுக்குப் போகிறவர்களோடு பேசவும் ஆள் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, ஓலையும் காயாது, கரண்டும் அடிக்கடி போய்விடும், அந்த மாதங்களை நாங்கள் கொடுப்பதே இல்லை. கூடவே வேலை செய்யப்போகிற ஓலைப் பின்னல்காரருக்கும் மொழிபெயர்க்கிற பிள்ளைக்கும் நாள் கூலி எவ்வளவு என்பதையும் கடிதத்திலேயே எழுதிவிட்டால் கலைஞர் அதைத் தன் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்வார். இதை விட்டுவிட்டால் நம்ம ஆட்கள் சும்மா உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். அது அநியாயம்.

தரமுடியாததையும் எழுதுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் கால்வைக்க முடியாது. கரையில் ஒதுங்கிக் கிடக்கிற செத்த பவளப்பாறைத் துண்டைக்கூட எடுத்துச் சிற்பத்தில் ஒட்டக்கூடாது, வன உயிரினச் சட்டத்தில் அது மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இருக்கிறது. சாட்டிலைட் போன் கொண்டுவரக்கூடாது, டிரோன் அனுமதியில்லாமல் பறக்கவிடக்கூடாது. எதிர்க்கரை இலங்கை என்பதால் இங்கே போலீஸ் கண்ணில் எதுவும் தப்பாது.

எந்த வழியில் பணம் வந்தாலும், வெளிநாட்டவர் நம்மிடம் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவம் (முன்பு படிவம் சி என்பார்கள்) நம் வேலை. கலைஞர் நம்மிடம் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் பாஸ்போர்ட், விசா விவரத்தோடு ஆன்லைனில் பதிவு செய்துவிட வேண்டும். பதிவு செய்த தாளை அச்செடுத்து வாசல் அலமாரியிலேயே வைத்திருங்கள். கடலோரக் காவல்படைக்காரர் பைக்கில் வந்து ‘யாரு சார் புதுசா?’ என்று கேட்கும்போது அதை எடுத்து நீட்டினால் இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும்.

இரண்டாவது வழியின் பெரிய குறை, பணக்கார நாட்டுக் கலைஞர்கள்தான் வருவார்கள். தனுஷ்கோடியிலிருந்து முப்பது கிலோமீட்டர்கூட இல்லாத தலைமன்னாரில் இருக்கிற ஒரு தமிழ்க் கலைஞரை அழைக்க நினைத்தால் அவர் கையில் பயண நிதி கொடுக்க அங்கே யார் இருக்கிறார்கள்? நம் கரைக்கு அதிகம் பொருந்துகிறவர் அவர்தான், அவரே கூப்பிட முடியாதவராகவும் இருக்கிறார். எஃப்.சி.ஆர்.ஏ. உள்ள பெரிய அமைப்பு வாங்கி நம்மிடம் நிதியாக மாற்றித் தரவும் 2020 திருத்தம் விடாது. அந்த அமைப்பே நிகழ்ச்சியைத் தன் பெயரில் நடத்தி, கலைஞரின் செலவைத் தானே பார்த்துக்கொண்டு, எங்களுக்கு அறை வாடகை பில்லுக்கு மட்டும் பணம் தரலாமா என்று ஒரு நகரத்து அமைப்போடு பேசிக்கொண்டிருக்கிறோம். எங்கள் ஆடிட்டர் முடியும் என்கிறார், அவர்களுடைய ஆடிட்டர் அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.