கொலம்பைன் விதை பாக்கெட்: செடிக்கு 4 ஸ்டார், பாக்கெட்டுக்கு 1 ஸ்டார்

கனடாவுல மிசிசாகால எங்க வீட்டு பின்பக்கம் மேப்பிள் மர நிழல்ல எதுவும் உருப்படியா வராது, கொலம்பைன்ங்கற பூச்செடி அரை நிழல்லயே பூக்கும்னு சொன்னாங்களேன்னு 2023 ஏப்ரல்ல ஒரு பாக்கெட் வாங்கினேன், மெக்கானா ஜயன்ட்ஸ்ங்கற ரகம், பல கலர் கலப்பு, அட்டையில நீலமும் மஞ்சளுமா அள்ளுது. கம்பெனி பேர் வேணாம் விடுங்க.

பின்னாடி போட்டிருந்தது ஒரே வரி, தூவி மண்ணால மூடவும். மூடினேன், தினம் தண்ணி ஊத்தினேன், ஜூன் வரைக்கும் வந்தது களை மட்டும்தான். அப்புறம்தான் தெரியுது இந்த விதைக்கு வெளிச்சம் பட்டாதான் முளைக்குமாம், மேலாக்க அழுத்தி விட்டா போதும், அதோட 3, 4 வாரம் குளிர்லயும் இருக்கணும். இதை ரெண்டு வரியில அச்சடிக்க என்ன கேடு?

மீதி விதையை அடுத்த பிப்ரவரில ஈர டிஷ்யூல சுத்தி ஃபிரிட்ஜ்ல வைக்கலாம்னு கிண்ணத்துல கொட்டி வச்சிருந்தேன், கருப்பா பளபளன்னு இருக்கா, அம்மா கருஞ்சீரகம்னு நினைச்சு கரண்டியில எடுத்துட்டாங்க, தாளிக்க ஒரு நிமிஷம்தான் பாக்கி. கருஞ்சீரகமும் இதுவும் ஒரே குடும்பம்தான், ஆனா இந்த விதை விஷம்.

ஒரு வழியா முளைச்சுது. முதல் வருஷம் வெறும் இலைதான், அதுவும் லீஃப் மைனர் புழு உள்ள பூந்து சின்னப் புள்ள கோலம் போட்டுப் பழகின மாதிரி வெள்ளையா கோடு கோடா ஆக்கிடுச்சு. பயந்துட்டேன். அந்த இலையைக் கிள்ளிப் போட்டா போதும், செடி சாகாது. நடுவுல இடம் மாத்துனது என் தப்பு, ஆணிவேர் செடி, மாத்தினதுல 2 போயிடுச்சு.

2025 மே மாசம் பூத்துச்சு பாருங்க, பூ தலைகீழா தொங்காம நிமிர்ந்து நம்மளப் பாக்குது, பின்னாடி வால் மாதிரி நீட்டிட்டு இருக்கே அதோட நுனியிலதான் தேன். இருந்தாலும் என் மனசு நாட்டுச்செடி நர்சரியில வாங்கின சின்ன தொட்டி மேலதான், ஒன்டாரியோ காட்டுல தானா வளர்ற சிவப்பு மஞ்சள் கொலம்பைன், அது சின்னப் பூ, குனிஞ்சுதான் தொங்கும், ஹம்மிங்பேர்ட் அதுக்குத்தான் வந்துச்சு, கலப்புப் பக்கம் திரும்பிக்கூட பாக்கல.

காய் காஞ்சதும் விதை எடுத்துட்டேன். ரெண்டு வகையும் பக்கத்துல பக்கத்துல இருந்ததால மகரந்தம் கலந்திருக்கலாம், என்ன கலர் வரும்னு சொல்ல முடியாது. டப்பா மேல கொட்டை எழுத்துல 'தாளிக்க இல்ல'ன்னு ஒட்டியாச்சு.