டிரெய்லருக்கு மின்சார பிரேக் பொருத்துவோர் கவனத்திற்கு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் திருவிழாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் தொழில் எங்களுடையது. இரண்டு அச்சுள்ள டிரெய்லரில் ஜெனரேட்டரை ஏற்றி, பிக்கப் வண்டியில் மாட்டி இழுத்துச் செல்வோம். நெம்மாறை வேலைக்குப் போவதென்றால் கவலையில்லை. வால்பாறை எஸ்டேட் கோயில்களுக்குப் போனால் ஆழியாற்றுக்கு மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அந்த இறக்கத்தை நினைத்தே, டிரெய்லரின் நான்கு சக்கரங்களுக்கும் மின்சார பிரேக்கும் ஓட்டுநருக்கு அருகில் கன்ட்ரோலரும் பொருத்தும் வேலையை எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டிலுள்ள ஒரு கடையில் ஒப்படைத்தோம். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

இவ்வகை பிரேக்கில் ஒவ்வொரு சக்கர டிரம்முக்குள்ளும் ஒரு மின்காந்தம் இருக்கும். கன்ட்ரோலர் மின்சாரம் அனுப்பியதும் அது டிரம்மின் முகப்பில் ஒட்டிக்கொண்டு, தன்னோடு இணைந்த நெம்புகோலை இழுத்து, பிரேக் ஷூவை விரிக்கிறது. கன்ட்ரோலரில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. வண்டி எவ்வளவு வேகமாக வேகம் குறைகிறது என்பதை உள்ளிருக்கும் உணரியால் அறிந்து, அதற்கு ஏற்ற அளவில் டிரெய்லரைப் பிடிப்பது விலை கூடிய வகை. பெடலை மெல்லத் தொட்டாலும் ஓங்கி மிதித்தாலும், முன்கூட்டியே வைத்த அளவுக்குச் சற்றுத் தாமதமாக ஏறிச் சேர்வது மலிவான வகை. முதல் வகைக்குப் பணம் வாங்கிக்கொண்டு இரண்டாவதைப் பொருத்தினார்கள்.

கடைத்தெருவில் லேசாகப் பெடலைத் தொட்டாலே டிரெய்லர் வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தது. வால்பாறை இறக்கத்திலோ, அழுத்தி மிதித்தபோதும் பின்னாலிருந்து தள்ளியது. இரண்டாம் கியரில் ஊர்ந்துதான் கீழே வந்து சேர்ந்தோம். கடைக்காரரிடம் சொன்னபோது, "பெட்டியில லைட் எரியுதுங்களே, அப்புறம் என்னங்க?" என்றார். டிரெய்லர் இணைப்பு கிடைத்திருக்கிறது என்பதற்கு மேல் அந்த விளக்கு எதையும் சொல்லாது.

பாலக்காட்டில் ஒரு எலக்ட்ரீஷியன் சேட்டன்தான் உண்மையைக் கண்டுபிடித்தார். டிரெய்லருக்குப் போகும் நீலக் கம்பியில் ஆம்பியர் மீட்டரை இணைத்து, கன்ட்ரோலரின் கைலீவரை முழுவதும் தள்ளினார். பத்து அங்குல டிரம்மில் ஒரு காந்தம் ஏறத்தாழ 3 ஆம்பியர் எடுக்கும். நான்குக்குமாக 12 அருகே காட்ட வேண்டிய மீட்டர் 6-க்குக் கீழேயே நின்றது. பின் அச்சின் கம்பிகள் டேப் சுற்றிச் சட்டத்துக்குள் செருகப்பட்டிருந்தன, எங்கும் இணைக்கப்படவே இல்லை. எர்த்துக்குத் தனிக் கம்பி இழுக்காமல் கிரீஸ் பூசிய கொக்கியையே நம்பியிருந்தார்கள். டிரெய்லர் கழன்று ஓடினால் தானாகப் பிரேக் பிடிக்க வேண்டிய பாதுகாப்பு சுவிட்சை அழகாகப் பொருத்தியிருந்தார்கள்; அதற்கு மின்சாரம் தர டிரெய்லரில் பேட்டரியே இல்லை. இந்த ஒன்றைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வண்டியை வெளியே எடுக்கும் முன், கடை வாசலிலேயே இவற்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். நின்ற வண்டியில் பெடலை மிதித்துக் கன்ட்ரோலரின் திரையைப் பாருங்கள்: எண் படிப்படியாக ஏறி வைத்த அளவைத் தொட்டால் அது தாமத வகை, உணரி உள்ளது நின்ற இடத்தில் மிகக் குறைவாகவே காட்டும். பிறகு மீட்டர் வைத்து ஆம்பியரைக் காட்டச் சொல்லுங்கள். இணைப்பு பிளக்கைக் கழற்றிவிட்டுப் பாதுகாப்பு சுவிட்சின் ஊசியை உருவினால் பிரேக் உள்ள எல்லாச் சக்கரங்களும் இறுக வேண்டும். பார்த்ததும் ஊசியைத் திரும்பச் செருகிவிடுங்கள், இல்லையேல் பேட்டரி தீர்ந்துபோகும்.

எங்கள் ரசீதில் "பிரேக் வேலை" என்று மட்டுமே இருந்ததால் கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்தார். கேரளக்காரர் இங்கே வந்து வழக்கு நடத்த முடியுமா என்றும் கேட்டார். அங்கே போக வேண்டிய தேவையே இல்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். சொந்தப் பிழைப்புக்காகச் செய்யும் தொழில் என்பதை மட்டும் மனுவில் தெளிவாக எழுத வேண்டும், இல்லையென்றால் வணிக நோக்கம் என்று சொல்லித் தள்ளிவிட இடமுண்டு. நாங்கள் பாலக்காட்டில் கொடுத்திருக்கிறோம், 6-க்குக் கீழே நின்ற மீட்டரின் படத்தையும் இணைத்து.