பைத்தானின் இஸ்குளோஸ்: பல வருடம் பயன்படுத்திய பிறகு

பைத்தான் நிரல்மொழியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி, 0.3-க்குச் சமமா என்று கேட்டால் 'ஃபால்ஸ்' (இல்லை) என்றுதான் வரும். கூட்டிய விடை 0.30000000000000004. இது பைத்தானின் பிழை இல்லை. 0.1 போன்ற எண்களை, கணினி பயன்படுத்தும் இரும முறையில் மிச்சமில்லாமல் எழுத முடியாது. ஜாவாவிலும் இதே கதைதான்.

இதற்காகவே 2015-இல் 3.5 பதிப்போடு, கணிதச் செயல்பாடுகள் அடங்கிய மேத் மாட்யூலில், இரண்டு எண்கள் போதுமான அளவு நெருக்கமா என்று சொல்லும் இஸ்குளோஸ் வந்தது. அலகு மாற்றும் கணக்குகளுக்கு டெஸ்ட் எழுதும்போதெல்லாம் நான் நம்பி எடுப்பது இதைத்தான். அதற்கு முன்பு, இரண்டு எண்ணின் வித்தியாசம் 0.000001-ஐ விடக் குறைவா என்று கையால் எழுதுவோம். கிலோமீட்டர் கணக்குக்கு அது மிகக் கறார், மைக்ரான் கணக்குக்கு மிகத் தளர்வு. இஸ்குளோஸ் இரண்டில் பெரிய எண்ணைப் பார்த்து, அதில் நூறு கோடியில் ஒரு பங்கு வரை வித்தியாசத்தை அனுமதிக்கிறது. எண்ணின் அளவுக்கு ஏற்ப வரம்பும் மாறுவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

பூஜ்யத்தோடு ஒப்பிடும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். கணிதப்படி பூஜ்யமாக வேண்டிய சைன் பையைக் கணக்கிட்டால் பூஜ்யம் வராது, தசமப் புள்ளிக்குப் பின் 15 பூஜ்யம் தாண்டி ஏதோ ஒரு துணுக்கு வரும். அதை பூஜ்யத்தோடு ஒப்பிட்டால் விடை ஃபால்ஸ். எண்ணின் அளவைப் பார்க்காத, ஆப்ஸ்_டால் என்ற நிலையான வரம்பை நாமே கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அது பூஜ்யம். இதைக் குறை என்பார்கள், எனக்கு இதுதான் சரியான முடிவாகப் படுகிறது. நம்பை என்ற பைத்தான் எண்கணித நூலகத்தின் இஸ்குளோஸில் இந்த வரம்பு முன்கூட்டியே பத்து கோடியில் ஒன்று. நானோமீட்டர் அளவுகளை மீட்டரில் எழுதி 1 நானோமீட்டரும் 2 நானோமீட்டரும் ஒன்றா என்று கேட்டுப் பாருங்கள், 'ட்ரூ' (ஆம்) என்று சொல்லும். ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு! போதாததற்கு, அது இரண்டாவது எண்ணை மட்டுமே அளவுகோலாக எடுப்பதால், எண்களை இடம் மாற்றினால் சில சமயம் விடையும் மாறும். மேத் மாட்யூலில் அந்தத் தொல்லை இல்லை.

எண்களைக் குழுவாகப் பிரிக்க மட்டும் இதை எடுக்காதீர்கள். முதலாவது இரண்டாவதுக்கு நெருக்கம், இரண்டாவது மூன்றாவதுக்கு நெருக்கம் என்றாலும், முதலாவதும் மூன்றாவதும் வரம்பைத் தாண்டி நிற்கலாம்.

அப்புறம், பணக் கணக்கு. 100 கோடி ரூபாயும் அதைவிட ஒரு ரூபாய் கூடுதலான தொகையும் இஸ்குளோஸுக்கு ஒன்றுதான். அங்கே பைசாவை முழு எண்ணாக வைத்து, சமக்குறி போட்டே ஒப்பிடுகிறேன்.